பாதை உரிமை, கூரை கொடை



பூட்டே போடாத வீடுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பிரிட்டனின் மலைகளில் அப்படி நூறு வீடுகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில், சில வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும். கார் போகும் சாலையிலிருந்து மணிக்கணக்காக நடந்தால்தான் பலவற்றை அடைய முடியும். கதவைத் தள்ளினால் திறக்கும். வாடகை இல்லை, முன்பதிவு இல்லை, பொறுப்பாளர் என்று யாரும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். கல்சுவர், மேலே தகரமோ ஸ்லேட்டோ வேய்ந்த கூரை, படுக்க ஒரு மரமேடை, சிலவற்றில் குளிர் காய ஒரு கணப்பு. மின்சாரம் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் ஓடைக்குப் போக வேண்டும். கழிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்வெட்டி சாத்தி வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு வெகுதூரம் போய், குழி தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் இதை ‘பாத்தி’ என்பார்கள். நான் மலைக்குடில் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வேலை நிமித்தமாக எடின்பரோவில் இருந்த ஆண்டுகளில் ஒரு நடைக்குழுவோடு சேர்ந்து இந்தக் குடில்களுக்குப் போகத் தொடங்கினேன். இன்றுவரை என் மனத்தை விட்டு அகலாதது அங்கே பார்த்த மலை அழகு மட்டுமல்ல. இத்தனை ஆண்டுகளாக இந்த வீடுகள் இடியாமல் நிற்கின்றனவே, எப்படி என்ற கேள்விதான். நம் வழிப்போக்கர் சத்திரங்களுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். அந்த வருமானத்தில் சமையல் நடந்தது, விளக்கு எரிந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். இந்தக் குடில்களுக்கு எழுதி வைத்த நிலமும் இல்லை, காவலும் இல்லை. வந்து தங்கிப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்களோ, அதுதான் அவற்றின் ஆயுள்.

முதலில் ஒரு குடிலைக் கண்முன் நிறுத்துகிறேன். கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரை நடுவில் வெட்டிக்கொண்டு லெய்ரிக் க்ரூ என்ற கணவாய் போகிறது. அதன் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 835 மீட்டர். ஒரு காலத்தில் வடக்கிலிருந்து மாடுகளைத் தெற்கே சந்தைக்கு ஓட்டிப்போன வழி அது. கணவாயின் தென்பகுதியில் டீ ஆறு இன்னும் சிறு ஓடையாகவே ஓடும் இடத்தில், செங்குத்தான பாறைமுகம் கொண்ட ஒரு மலையின் அடியில், கோரூர் குடில் இருக்கிறது. லின் ஆஃப் டீ என்ற இடத்திலிருந்து நடந்தால் சுமார் 12 கிலோமீட்டர். 1877இல் வேட்டை எஸ்டேட்டின் மான்களைக் கண்காணிக்கும் ஆளுக்காகக் கட்டினார்கள். 1920 வாக்கில் அந்த வேலைக்கு அங்கே ஆள் வைப்பது நின்றுவிட்டது. ஆள் போன பிறகு மலையேறுபவர்கள் தங்க ஆரம்பித்தார்கள். வீடு பழுதாகிக்கொண்டே வந்தது. 1950இல் அபர்டீனைச் சேர்ந்த கெய்ர்ன்கார்ம் கிளப் உறுப்பினர்கள் அதை ஏறக்குறையத் திரும்பக் கட்டினார்கள். ஒரே அறை. அந்தச் சிறிய அறைக்குள் ஒருமுறையாவது ஒதுங்கியிராத ஸ்காட்லாந்து மலை நடையர்கள் குறைவு.

இத்தனை வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து குடியானவர்களை நிலவுடைமையாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். மனிதர்கள் இருந்தால் கிடைக்கும் குத்தகையைவிட ஆடுகள் இருந்தால் கிடைக்கும் வருமானம் அதிகம் என்பதுதான் காரணம். கடலோரத்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஆட்டு மந்தையைப் பார்த்துக்கொள்ள ஓரிரு மேய்ப்பர்கள் போதும். அவர்களுக்காகப் பள்ளத்தாக்குக்கு ஒரு வீடு. பிறகு ஆட்டைவிட மான் வேட்டை லாபம் என்றானது. மேய்ப்பர் வீடு மான் காவலர் வீடாயிற்று. உலகப் போர்கள் வந்தன, ஆட்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை. தெற்கே காலோவே பகுதியில் அரசின் வனத்துறை மலைச்சரிவுகளையெல்லாம் ஊசியிலை மரங்களால் நிரப்பியபோது மேய்ப்பர் குடும்பங்களும் கிளம்பின. ஆகவே, நீங்கள் ஒரு குடிலின் கணப்பருகே கால் நீட்டி உட்காரும்போது, யாரோ ஒரு குடும்பம் விட்டுப்போன அடுப்பின் முன்தான் உட்காருகிறீர்கள். இதை மறந்துவிட்டு, ‘ஆளரவமற்ற இயற்கை’ என்று அந்தப் பள்ளத்தாக்குகளைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஆளரவம் இல்லாமல் செய்யப்பட்டது.

இனி, அந்த வீடுகளைக் காப்பாற்றியவர்களின் கதை. காலோவேயில் பேக்ஹில் ஆஃப் புஷ் என்று ஒரு குடில். குடில்களில் வருகைப் பதிவேடு வைத்திருப்பது வழக்கம். யார், எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். யாரையாவது காணவில்லை என்றால் மீட்புக் குழுவுக்கு அதுதான் முதல் தடயம். அந்தப் பதிவேட்டில் 1960களின் நடுவில் ஒருவர் ஒரு யோசனையை எழுதி வைத்திருந்தார்: இப்படி இடிந்து போகும் குடில்களைப் பராமரிக்க ஒரு சங்கம் அமைத்தால் என்ன? பெர்னார்ட் ஹீத் என்ற சைக்கிள் பயணி அந்த யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு டன்ஸ்கீன் என்ற இடிந்த வீட்டை 1965இல் சீர்செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் டல்மெல்லிங்டன் என்ற சிறு ஊரின் பொதுக்கூடத்தில் கூடி, மவுன்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்ற மலைக்குடில் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இந்தச் சங்கத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது பராமரிக்கும் வீடுகளில் ஏறக்குறைய எதுவும் அதற்குச் சொந்தமில்லை. உரிமையாளர் நிலப்பிரபுவாக இருக்கலாம், வனத்துறையாக இருக்கலாம். அவர்களிடம் போய், ‘உங்கள் வீட்டை நாங்கள் பழுது பார்க்கிறோம். கதவை மட்டும் எல்லோருக்கும் திறந்து விடுங்கள்’ என்று கேட்டார்கள். பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு அதன்மேல் எந்த உரிமையும் கோராத ஓர் ஒப்பந்தம். உறுப்பினராகச் சேர்ந்தால் தனிச் சலுகை எதுவும் இல்லை. சந்தா கட்டியவருக்கும், மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கருக்கும் ஒரே கதவு, ஒரே மேடை. ஐம்பது ஆண்டு கழித்து, 2015இல், தன்னார்வப் பணிக்கான மகாராணியின் விருது சங்கத்துக்குக் கிடைத்தது.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து மலைகளில் நடப்பதற்கான உரிமை சும்மா வந்ததல்ல. 1880களில் டங்கன் மக்பெர்சன் என்ற செல்வந்தர் க்ளென் டால் என்ற பள்ளத்தாக்கை வாங்கி, அதன் வழியே யாரும் போகக்கூடாது என்று தடுத்தார். பிரேமார் என்ற ஊரிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருபவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி அது. பாதை உரிமைச் சங்கம் வழக்குப் போட்டது. ஆட்டு மந்தை ஓட்டிய கிழவர்களும் மேய்ப்பர்களும் நீதிமன்றத்தில் ஏறி, ‘நான் நடந்தேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை’ என்று சாட்சி சொன்னார்கள். 1888இல் லண்டன் பிரபுக்கள் சபைவரை போய் வழக்கு ஜெயித்தது. ஜெயித்த சங்கம் வழக்குச் செலவால் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தது. அந்தக் கிழவர்களின் கால்கள் சொன்ன சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் நெடுந்தொடர்ச்சியாகத்தான் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை, மலையோ காடோ ஏரிக்கரையோ, யாருடைய நிலமாக இருந்தாலும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம்.

ஆனால் அந்தச் சட்டம் கட்டடங்களுக்குப் பொருந்தாது. பாதை உங்கள் உரிமை. கூரை அப்படியல்ல. அது உரிமையாளர் மனமுவந்து தருவது. நாளைக்கே ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால் வேண்டாம்தான். சொல்லியும் இருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் திரும்ப எடுத்துக்கொண்ட குடில்கள் உண்டு. உரிமையாகக் கிடைத்ததில் நடக்கும் அதே கால்கள், அன்று மாலையே கொடையாகக் கிடைத்ததற்குள் நுழைகின்றன. நாலு கிலோமீட்டர் தூரத்தில் மனநிலை மாற வேண்டும். தனி ஆளுக்கு இது எளிது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு எளிதே அல்ல. என் பேச்சின் சாரம் இதுதான், அதனால் இதை விரித்துச் சொல்கிறேன்.

கூட்டமாக நடப்பது தனி வித்தை. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. இன்றும் வரைபடத்தை விரித்தவுடன் எல்லோரும் போடும் கணக்கு அதுதான். ஆனால் அது நல்ல உடல்வலு உள்ள ஒருவருக்கான கணக்கு. பத்துப்பேர் போனால், ஒருவர் காலணிக் கயிறு கட்டுவார், ஒருவர் மழைச்சட்டை மாற்றுவார், வேலி தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் பத்துப்பேரும் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கில் சொன்ன நேரம் சுலபமாக ஒன்றரை மடங்காகிவிடும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூட இல்லை. மாலை மூன்றரைக்குச் சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி கூடுதலாக உட்கார்ந்தால், கடைசி இரண்டு கிலோமீட்டர் சதுப்பு நிலத்தை நெற்றி விளக்கின் ஒளியில் கடக்க வேண்டியிருக்கும்.

எங்கள் குழுவை நடத்திய அம்மையார், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பழக்கம் வைத்திருந்தார். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவார். பலரும் அவரைப் பின்னால் விட்டுவிட்டு, முன்னே போய்க் காத்திருப்பார்கள். பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேரும் நேரத்தில், ஓய்வெடுத்து முடித்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆக, யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே இல்லை. அவரை முன்னால் விட்டால் முழுக் குழுவும் அவர் நடைக்கு அடங்கும். வேகம் குறையும், ஆனால் யாரும் உதிர மாட்டார்கள். இதற்கு வேகமாக நடப்பவர்கள் தங்கள் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சொல்லச் சிறிய விஷயம். குளிர்காற்று முகத்தில் அறையும்போது செய்து பாருங்கள், எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆறு கடப்பதிலும் குழுதான் ஆபத்து, குழுதான் பாதுகாப்பு. ஸ்காட்லாந்து ஆறுகள் மழை பெய்த சில மணி நேரத்தில் பொங்கிவிடும். காலையில் கணுக்கால் நனைய தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். ‘நேற்று வந்த குழு தாண்டியிருக்கிறது, நாமும் தாண்டிவிடலாம்’ என்று ஒரு குரல் எழும். குடில் அக்கரையில் தெரியும். அடுப்பும் உலர்ந்த துணியும் அக்கரையில் இருக்கும். அந்த நேரத்தில் ‘திரும்பலாம்’ என்று சொல்ல ஒருவராவது வேண்டும், சொல்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று பார்க்காத மற்றவர்களும் வேண்டும். ஒரு செப்டம்பர் மாலையில் எங்கள் அம்மையார் அப்படித் திருப்பினார். கொட்டும் மழையில் வந்த வழியே மூன்று மணி நேரம் நடந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை. அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இரட்டிப்பாயிற்று.

இரண்டு பெருந்துயரங்களைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. முதலாவது, மேலே சொன்ன அதே க்ளென் டால் பாதையில் நடந்தது. 1959 புத்தாண்டு நாளில், கிளாஸ்கோ நடைக்குழு ஒன்றைச் சேர்ந்த ஐந்து ஆண்கள் பிரேமாரிலிருந்து மலையைக் கடந்து அந்தப் பக்கத்து விடுதிக்குக் கிளம்பினார்கள். மேலே பனிப்புயல். ஐவரும் இறந்தார்கள். சிலருடைய உடல்கள் கிடைக்க வசந்தத்தில் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேடியவர்களில் டேவி க்ளென் என்பவர் முக்கியமானவர். வாரக் கணக்கில் அந்தப் பனியில் தேடினார். பின்னாளில், இனி இப்படி நேரக்கூடாது என்று அந்தப் பாதையோரத்தில் ஒரு சிறு புகலிடத்தைக் கட்டினார். பாதி மண்ணுக்குள் புதைந்தது போல், கல்லும் புல்கரணையுமாக, குனிந்துதான் நுழைய வேண்டும். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

இரண்டாவது, 1971 நவம்பர். எடின்பரோ பள்ளி ஒன்றிலிருந்து மாணவர்கள் கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பீடபூமியைக் கடந்து, மேலே ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருந்த கர்ரன் என்ற சிறு புகலிடத்தில் இரவு தங்கி, மறுநாள் கோரூர் குடிலுக்கு இறங்குவது திட்டம். வலுவானவர்கள் ஒரு குழுவாகவும் மற்றவர்கள் ஒரு குழுவாகவும் பிரிந்தார்கள். பனிப்புயல் வந்தது. வலுவான குழு கர்ரனை அடைந்தது. மற்றக் குழு அடையவில்லை. திறந்த வெளியில், பனியில், இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும், உதவிக்குப் போயிருந்த ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். பிரிட்டனில் மலை நடையின் வரலாற்றிலேயே இதைவிடக் கொடிய விபத்து இல்லை என்று சொல்கிறார்கள். அந்தப் பீடபூமியின் குணம் தெரிய ஒன்று சொல்கிறேன்: 1986 மார்ச்சில் கெய்ர்ன்கார்ம் உச்சியில் காற்றின் வேகம் மணிக்கு 278 கிலோமீட்டர் என்று பதிவானது. அந்த இடம் அப்படிப்பட்டது.

அதன்பின் எழுந்த விவாதம் நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியது. மலை உச்சியில் புகலிடம் இருப்பது உயிர் காக்குமா, உயிர் பறிக்குமா? இருந்தால் ஒதுங்கலாமே என்றார்கள் ஒரு சாரார். இருப்பதால்தானே குழந்தைகளை நவம்பரில் அங்கே அழைத்துப்போகத் துணிந்தார்கள் என்றார்கள் மறு சாரார். கடும் பனியில் அந்தப் புகலிடமே மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். தெரியாத ஒன்றைத் தேடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல் மனிதர்கள் நடப்பார்கள். கடைசியில் 1975இல் கர்ரனை இடித்து அகற்றினார்கள். பள்ளிக் குழுக்களை மலைக்கு அழைத்துச் செல்பவர்களின் தகுதியும் பயிற்சியும் கண்டிப்பாக்கப்பட்டன. பள்ளத்தாக்கில் இருக்கும் கோரூர் போன்ற குடில்கள் நின்றன. இடித்தது சரி என்பதே என் கருத்து. டேவி க்ளென் கட்டிய புகலிடம் வேறு வகை: பாதை ஏற்கெனவே அங்கே போகிறது, நடப்பவர்கள் எப்படியும் நடப்பார்கள், அவர்களுக்கு அது ஓர் ஒதுக்கிடம். கர்ரன், போகக்கூடாத நேரத்தில் போகக்கூடாத இடத்துக்கு அழைத்துச் செல்லும் இலக்காகிவிட்டது. குழுவை இரண்டாகப் பிரித்ததையும் நினைத்துப் பாருங்கள். மெதுவானவர்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று எங்கள் அம்மையார் பிடிவாதம் பிடித்ததற்கு இப்போது இன்னும் வலுவான காரணம் தெரிகிறது.

சரி, பத்திரமாகக் குடிலை அடைந்துவிட்டோம். எத்தனை பேர்? இங்கேதான் சங்கத்தின் நடத்தை விதிகளில் ஒன்று வருகிறது. ஆறு பேரோ அதற்கு மேலோ கொண்ட குழு, உரிமையாளரின் அனுமதி பெறாமல் குடிலில் தங்கக்கூடாது, குடிலருகே கூடாரமும் போடக்கூடாது. காசு வாங்கி ஆள் அழைத்துப் போகும் வணிகக் குழுக்களுக்குக் குடிலில் இடமே கிடையாது. முதலில் கேட்டபோது எனக்கு இது கடுமையாகப் பட்டது. இந்த அவையில் இருப்பவர்களும், ‘பத்துப்பேர் ஒன்றாகப் போவதுதானே சந்தோஷம்’ என்று நினைக்கலாம். ஒரு குடிலில் படுக்க இடம் எட்டுப் பேருக்கு என்று வையுங்கள். பத்துப்பேர் கொண்ட குழு மாலை நாலு மணிக்கு வந்து மேடையை நிரப்பிவிட்டது. ஒன்பது மணிக்கு, மறுபக்கத்து மலையிலிருந்து இறங்கி, நனைந்து, நடுங்கிக்கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தானே கதவில் பூட்டு இல்லாமல் விட்டார்கள்? அதோடு, கழிப்பறைக்குப் பதில் மண்வெட்டி என்று சொன்னேன் அல்லவா. பத்துப்பேர், இரண்டு நாள், அதே ஓடைக்கரை. அடுத்த வாரம் வருபவர் அந்த ஓடையில்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். கோரூரில் தாங்க முடியாமல் போய், பிறகு மக்கும் கழிப்பறை ஒன்றைக் கட்டவே நேர்ந்தது. அதைக் காலி செய்து சுமந்து போவதும் தன்னார்வலர்கள்தான்.

குழுவாக வருபவர்கள் தங்களுக்குள் ஓர் உலகமாகிவிடுகிறார்கள். பேச்சும் சிரிப்பும் பாட்டும் அவர்களுக்குள்ளேயே சுற்றும். மூலையில் தனியாக வந்து படுத்திருப்பவர் விருந்தாளி போலாகிவிடுவார், அந்த வீடு அவருக்கும் அதே அளவு சொந்தம் என்றாலும். ஆகவே எங்கள் குழு நாலு, ஐந்து பேராகப் பிரிந்து வெவ்வேறு வாரங்களில் போகும். கூடாரம் இல்லாமல் யாரும் கிளம்பக்கூடாது என்பதும் விதி. குடில் நிரம்பியிருந்தால் தள்ளிப்போய்க் கூடாரத்தில் படுப்பது, குடிலை நம்பிக் கூடாரத்தை வீட்டில் விட்டு வராமல் இருப்பது. விறகுக்கு உயிருள்ள மரத்தை வெட்டுவதில்லை. பல பள்ளத்தாக்குகளில் வெட்ட மரமே கிடையாது. ஆளுக்குக் கொஞ்சமாக நிலக்கரியைச் சுமந்து போவோம். அதில் பாதியைத்தான் எரிப்போம். மீதி, வருபவர்களுக்கு. ‘இருக்கட்டும், யாருக்காவது உதவும்’ என்று மிச்ச உணவை மட்டும் விட்டு வரக்கூடாது, எலி வரும். குப்பை முழுவதும் திரும்பி வரும் பையில். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை மான் வேட்டைக் காலத்தில் சில குடில்கள் மூடியிருக்கும். கிளம்பும் முன் கேட்டறிந்துகொண்டு போவது, உரிமையாளருக்குத் தரும் மரியாதை.

முன்பெல்லாம் குடில்கள் எங்கே இருக்கின்றன என்பது வாய்வழிச் செய்தி. சங்கமும் தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே பட்டியல் கொடுத்தது. 2009இல் எல்லாக் குடில்களின் வரைபட எண்களையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. அன்று பலர் கோபப்பட்டார்கள். இனி குடித்துக் கும்மாளம் போடும் கூட்டம் வரும், மேடையைப் பிளந்து விறகாக்குவார்கள் என்றார்கள். அப்படிச் சில இடங்களில் நடக்கவும் செய்தது, மறுக்கவில்லை. இருந்தும் வெளியிட்டதை நான் ஆதரிக்கிறேன். தெரிந்தவர்களுக்குள் மட்டும் ரகசியமாகச் சுற்றும் கொடை, காலப்போக்கில் தெரிந்தவர்களின் சொத்தாகிவிடும். என்னைப்போல் வேறு நாட்டிலிருந்து போய், அங்கே யாரையும் தெரியாத ஒருவனுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது என்றால், யாரோ அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லத் துணிந்ததால்தான்.

ஒரு மார்ச் மாத இரவைச் சொல்கிறேன். குடிலில் நாங்கள் நாலு பேர். கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு, எழுபது வயதிருக்கும் ஒருவர் வந்தார். முகமெல்லாம் ஆலங்கட்டி அடித்துச் சிவந்திருந்தது. எங்களில் ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து கணப்பருகே இருந்த இடத்தைக் காலி செய்தார். இன்னொருவர் கொதித்த தண்ணீரில் தேநீர் போட்டுக் கொடுத்தார். பெயர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான். பேசிக்கொண்டிருக்கையில்தான் தெரிந்தது, நாங்கள் படுத்திருந்த மேடைக்கு ஆணி அடித்தவர்களில் அவரும் ஒருவர் என்று. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. மூலைப் பலகை ஆடுகிறதே என்று நாங்கள் சொன்னபோது, ‘ஆமாம், அது என் வேலை, அன்று வெளிச்சம் போய்விட்டது’ என்றார்.

அவரிடமிருந்துதான் பராமரிப்புப் பணிகளைப் பற்றி விவரமாகக் கேட்டேன். ஒவ்வொரு குடிலுக்கும் பொறுப்பாகத் தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்குச் சில முறை போய்ப் பார்த்து, எது ஒழுகுகிறது, எது உளுத்துவிட்டது என்று குறித்து வருவார். பெரிய வேலை என்றால் ஆள் திரட்டுவார்கள். சிமென்ட், மணல், கூரைத் தகடு, ஜன்னல் சட்டம், அடுப்பு எல்லாம் சாலை முடியும் இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டும். உரிமையாளரின் வண்டி போகும் இடம்வரை வண்டி, ஏரியிருந்தால் படகு, எப்போதாவது ஹெலிகாப்டர். மற்றதெல்லாம் முதுகு. ஒருவர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் நடக்க முடியாது. பதினைந்து பேர் அதையே சிறு பைகளாகப் பிரித்துக்கொண்டால் நடக்கலாம். குடில் சிறியது, எல்லோருக்கும் இடமில்லை, எனவே சுற்றிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அதற்கு உரிமையாளரே சம்மதம் தருவார், ஏனென்றால் வருபவர்கள் அவர் வீட்டுக் கூரையைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

உங்களில் யாராவது படிப்புக்கோ வேலைக்கோ அந்த நாட்டுக்குப் போகலாம். பத்துப் பதினைந்து நண்பர்களாகச் சேர்ந்து மலைக்குடிலுக்கு நடக்க ஆசைப்படலாம். ஆசைப்படுங்கள். பராமரிப்புப் பணி நாட்களைச் சங்கம் முன்கூட்டியே அறிவிக்கிறது, உறுப்பினரல்லாதவர்களும் போகலாம். மே மாதம் நல்ல காலம். பகல் நீளம், மிட்ஜ் என்னும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் இன்னும் கிளம்பியிருக்காது. சுத்தியல் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மணல் சுமக்க ஆள் எப்போதும் குறைவுதான். கையுறை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கும்.